மைனஸ் 20 டிகிரியில் சைக்கிள்... அண்ணனுக்கு எந்த கிளவுஸ் வாங்கலாம்?

போன டிசம்பரில் ஒரு மதியம் பெரியம்மாவிடமிருந்து போன். "ஏன்டி, நீதான் பத்திரிகையில இருக்கியே... நல்ல கிளவுஸா எங்க கிடைக்கும்னு விசாரிச்சுச் சொல்லேன். இருக்கறதுலயே தடியா பார்த்து அண்ணனுக்கு அனுப்பணும்." சென்னையில் அன்றைக்கு ஃபேன் இல்லாமல் உட்கார முடியவில்லை. அண்ணன் இருப்பதோ பின்லாந்தின் ஔலு நகரத்தில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே.

ஊட்டியில் விடியற்காலை பூஜ்ஜியத்தைத் தொட்டாலே 'உறைபனி' என்று செய்தி போடுகிறவர்கள் நாங்கள். ஔலுவில் மைனஸ் 20 வருவதெல்லாம் செய்தியே இல்லை. ஆனால், அந்த ஊரில்தான் குளிர்காலத்திலும் சைக்கிள் ஓடுகிறது. 2 லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊரில் 900 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை. குளிர்கால சைக்கிள் பயணத்துக்கென்றே நடக்கும் சர்வதேச மாநாட்டின் முதல் கூட்டம் 2013-ல் அங்கேதான் நடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட பனியில் மிதித்துக்கொண்டு போகிறார்கள். 'நமக்கென்ன' என்று அண்ணனும் கிளம்பிவிட்டான்.

பெரியம்மாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். (இதை எழுத அண்ணனிடம் அனுமதி வாங்கிவிட்டேன்!) ஊரிலிருந்து கொண்டுபோன கம்பளி கிளவுஸ் ரெண்டு ஜோடியை ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கி மாட்டிக்கொண்டு அவன் முதல் மைனஸ் 20 நாளில் கிளம்பியிருக்கிறான். கால் மணி நேரத்தில் விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லையாம். ஒரு வளைவில் பிரேக் பிடிக்கப் போனால், விரல் மடங்கியதா இல்லையா என்று புரிவதற்குள் சைக்கிள் பனிக்குவியலில் சாய்ந்துவிட்டது. அடி எதுவும் இல்லை. "அம்மாகிட்ட சொல்லிடாத" என்று மட்டும் வாட்ஸ்அப்பில் வந்தது.

ரெண்டு ஜோடி போட்டும் ஏன் விறைத்தது? விசாரித்தபோதுதான், நாங்கள் எல்லோருமே கிளவுஸைத் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறோம் என்பது தெரிந்தது. கிளவுஸ் சூட்டை உண்டாக்குவதில்லை. விரலுக்கு வரும் ரத்தம்தான் சூட்டைக் கொண்டுவருகிறது. கிளவுஸ் அதைப் போகவிடாமல் காக்கிறது, அவ்வளவே. குளிர் அதிகமானால் உடம்பு இதயம், நுரையீரல் பக்கத்தைக் காப்பாற்றுவதற்காகக் கை, கால் விரல்களுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். இறுக்கமான கிளவுஸ் மீதியிருக்கும் ரத்த ஓட்டத்தையும் தடுக்கும். நூல்களுக்கு நடுவே நின்று சூட்டைப் பிடித்துவைக்க வேண்டிய காற்றையும் நசுக்கி வெளியே தள்ளிவிடும். ரெண்டாவது ஜோடி அண்ணனுக்கு உதவி செய்யவில்லை, உபத்திரவம்தான் செய்திருக்கிறது.

சைக்கிளில் இன்னொரு சிக்கல். கால்கள் உழைக்கின்றன, சூடாகின்றன. கைகள் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி சும்மா இருக்கின்றன, அதுவும் எல்லாவற்றுக்கும் முன்னால், காற்றுக்கு நேராக. காற்றே இல்லாத நாளிலும் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், அந்தக் காற்றை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். மைனஸ் 20 டிகிரியில் அந்த வேகக் காற்று பட்டால் தோலுக்கு மைனஸ் 30 மாதிரி இருக்கும் என்கிறது வானிலைக் கணக்கு. அந்த நிலையில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகக்கூடும். கையால் பின்னிய கம்பளி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் காற்று ஊடுருவிப் போய்விடும். அதனால் வெளி உறை காற்றுப் புகாததாக இருந்தே ஆக வேண்டும். உள்ளே மெல்லிய கம்பளி உறை, அது ஈரத்தைத் தாங்கும். பருத்தி வேண்டவே வேண்டாம். வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஐஸ் ஒத்தடம் கொடுக்கும்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது கையை நீட்டிப் பார்ப்பது போதாது என்கிறான் அண்ணன். ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல மடக்க வேண்டும். அப்போது விரல்நுனி முட்டினால் அடுத்த சைஸ். உள்ளே விரல்களைத் தாராளமாக ஆட்ட முடிய வேண்டும். மணிக்கட்டை மூடி ஜாக்கெட் கைக்குள் போகிற அளவுக்கு நீளம் வேண்டும். மணிக்கட்டில் ரத்தக்குழாய்கள் தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன, நாடி பார்ப்பதே அங்கேதானே! அந்த இரண்டு விரற்கடை இடைவெளியில் காற்று புகுந்தால் விலை உயர்ந்த கிளவுஸும் வீண்.

சில கிளவுஸில் கட்டைவிரல் மேல் டவல் துணி மாதிரி ஒரு பட்டை இருக்கும். எதற்கென்று ரொம்ப நேரம் யோசித்தேன். மூக்கைத் துடைக்கவாம்!

சரி, என்ன வடிவம்? நான்கு விரல்களும் ஒரே பையில் இருக்கும் மிட்டன்தான் அதிகச் சூடு. விரல்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு குளிர்காயும். ஆனால் பிரேக்? இங்கேதான் சைக்கிளைப் பார்த்து கிளவுஸ் வாங்க வேண்டியிருக்கிறது. பின்லாந்தில் பல சைக்கிள்களில் பெடலைப் பின்னுக்கு அழுத்தினால் பிரேக் பிடிக்கும். அவர்களுக்கு மிட்டன் தாராளம். அண்ணன் வாங்கியது கைப்பிரேக் சைக்கிள். அவனுக்கு ரெண்டு ரெண்டு விரலாகப் பிரிந்திருக்கும் நண்டுக்கொடுக்கு மாதிரி கிளவுஸ் சரிப்பட்டது. பார்க்கச் சிரிப்பாக இருக்கும். பிரேக் லீவரைப் பிடிக்கவும் முடியும், விரலும் தனியாகத் தவிக்காது.

மைனஸ் 15-க்குக் கீழே போனால் அவன் நம்புவது 'போகி'யை. நம்ம பண்டிகை இல்லை! ஹேண்டில்பாரிலேயே கட்டிவைக்கும் பெரிய உறைக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். பிரேக், கியர் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். சாதாரண மெல்லிய கிளவுஸோடு கையை உள்ளே விட்டால் போதும். ஒரே குறை, இறங்கிப் பூட்டைத் திறக்கும்போது கை வெளியே வந்துதானே ஆக வேண்டும்? அதற்குத் தனியாக ஒரு மிட்டன் பையில் இருக்கும். விழும்போது கை சட்டென்று வெளியே வருகிற மாதிரி வாய் அகலமாக இருக்க வேண்டும் என்றான், அனுபவஸ்தன்! பேட்டரியில் சூடாகும் கிளவுஸும் கிடைக்கிறது. கடுங்குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

எதைப் போட்டிருந்தாலும், விரல் வெளுத்து மெழுகு மாதிரி ஆகி உணர்ச்சி போய்விட்டால் சைக்கிளை நிறுத்திவிட்டு வெதுவெதுப்பான கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். தேய்க்கக் கூடாது. நெருப்பிலோ ஹீட்டரிலோ காட்டக் கூடாது. மரத்த விரல் சுடுவதை உணராது, வெந்துபோகும். 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, உணர்ச்சி திரும்பாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும்.

இத்தனையும் பெரியம்மாவிடம் சொன்னேன். விழுந்த கதையைத் தவிர. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிடி... அவன் பஸ்ல போனா என்ன?" என்றார்.

அதை அப்படியே அண்ணனுக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு போட்டோ வந்தது. அவன் காலேஜ் சைக்கிள் ஸ்டாண்டு, சீட்டுக்குச் சீட்டு ஒரு ஜாண் பனி, வரிசையாக நூறு சைக்கிளாவது இருக்கும்.