ஹோவர்ட் டேட்டின் குரல்

1960களின் பிற்பாதியில், ஜெரி ரகவாய் என்னும் தயாரிப்பாளரின் துணையோடு ஹோவர்ட் டேட் பதிவுசெய்த சோல் பாடல்களில், கரகரத்த கீழ்ஸ்தாயியில் தொடங்கிய சொல் முடிவதற்குள்ளாகவே மெல்லிய உச்சஸ்தாயிக்குத் தாவிவிடும் அந்த லாகவத்தைக் கேட்டவர்களுக்கு, 1971இல் வெளிவந்த தம் இசைத்தட்டில் ஜானிஸ் ஜாப்ளின் அவர் பாட்டொன்றை எடுத்துப் பாடியதில் வியப்பிராது. ஜாப்ளினுடையதையே உலகம் அறியும். எனக்கென்னவோ டேட்டின் நிதானமே உயர்ந்ததாகப் படுகிறது. உரிய பணம் கைக்கு வரவில்லையென்று மனங்கசந்து பாட்டைத் துறந்தவர், இன்ஷூரன்ஸ் விற்று, மகளைத் தீவிபத்தில் பறிகொடுத்து, போதைக்கு அடிமையாகி, வீடற்றுத் திரிந்து, பின்பு பிரசங்கியாரானார். மாண்டவரென்றே பலர் எண்ணியிருந்த அவரை 2001இல் கண்டுபிடித்தார்கள்; 2003இல் அதே ரகவாயுடன் புதிய இசைத்தட்டு வந்தது. இடையில் கழிந்த வருஷங்களை விதியின்மேல் சுமத்துவது இசை வியாபாரிகளுக்குச் சௌகரியந்தான்.