செத்தாத்தான் சல்யூட்டா?

டிசம்பர் 7 கொடி நாள். ஸ்கூல்ல டீச்சர் உண்டியல்ல காசு போடச் சொல்லி, சட்டையில ஒரு குட்டிக் கொடி குத்தி விடுவாங்களே, அதேதான். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம். தரைப்படைக்கு ஒண்ணு, கடற்படைக்கு ஒண்ணு, விமானப்படைக்கு ஒண்ணு. 1949-லேர்ந்து வருஷா வருஷம் நடக்குது. இறந்த வீரர்களோட குடும்பம், கை கால் இழந்தவங்க, ஓய்வு பெற்றவங்க, இவங்க நலனுக்குத்தான் அந்தக் காசு. பெரியவங்களா ஆனப்புறம் நம்மில் எத்தனை பேர் அந்த உண்டியல்ல காசு போட்டிருப்போம்னு யோசிச்சுப் பாருங்க. கை தூக்கச் சொல்லல, பயப்படாதீங்க :-)

என் ஆதங்கம் இதுதான். ராணுவக்காரன் செத்தாத்தான் நம்ம கண்ணுக்குத் தெரியறான். கொடி போர்த்தின பெட்டி வந்தா ஊரே திரளுது, ஃப்ளெக்ஸ் வைக்கறோம், வீரவணக்கம் போடறோம். காரியம் முடிஞ்சதும் அவங்கவங்க வேலையைப் பாக்கக் கிளம்பிடறோம். அதுக்கு மறுநாள்லேர்ந்துதான் அந்த வீட்டுப் பொண்ணுக்கு இன்னொரு யுத்தம். வாரிசு சான்றிதழ், பட்டா, பேங்க் கணக்கு, பென்ஷன் பேப்பர்னு ஒவ்வொரு கவுண்ட்டரா நிக்கணும். போர்ல இறந்தா ஒரு விதமான குடும்ப ஓய்வூதியம், நோய்ல இறந்தா வேற விதம். சட்டத்துல அதுக்குக் காரணம் இருக்கலாம். அடுப்புக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

சாவுலயும் நாம தரம் பிரிக்கறோம். குண்டு பட்டு செத்தாத்தான் வீரம், பனியில செத்தா விபத்து. 2016 பிப்ரவரி 3-ம் தேதி சியாச்சின்ல 19,600 அடி உயரத்துல ஒரு காவல் முகாம் மேல பனிச்சரிவு விழுந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்ட்டோட 19-வது பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் அதுல புதைஞ்சாங்க. தமிழ்நாட்டுக்காரங்களும் இருந்தாங்க. 6 நாள் கழிச்சு கர்நாடகத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோட தோண்டி எடுத்தாங்க. நாடே வேண்டிக்கிச்சு. பிப்ரவரி 11-ம் தேதி டெல்லி ஆஸ்பத்திரியில அவரும் போயிட்டார். மத்த 9 பேர்ல ஒருத்தர் பேராவது இப்ப நமக்கு ஞாபகம் இருக்கா? 1984-லேர்ந்து நம்ம ஆளுங்க அங்க நிக்கறாங்க. சண்டையில போன உயிரை விட குளிரும் பனிச்சரிவும் கொண்டு போன உயிர்தான் அங்க ஜாஸ்தி. குளிருக்கு எந்தப் போர்நிறுத்தமும் கிடையாது.

நிற்க. உயிரோட திரும்பி வர்றவங்க கதைக்கு வருவோம்.

என் பெரியப்பா பையன் 17 வருஷம் சர்வீஸ் போட்டவர். அவர் இருக்கற ஊர் பேரே எங்களுக்குத் தெரியாது. லெட்டர்ல நம்பர், பேரு, யூனிட், கடைசியில "56 ஏபிஓ", அவ்வளவுதான் விலாசம். அண்ணி அந்த 17 வருஷத்துல ரெண்டு பிரசவம், மாமனாரோட பக்கவாதம், பையனோட பத்தாம் கிளாஸ் பரீட்சை எல்லாத்தையும் ஒத்தை ஆளா பாத்தாங்க. அண்ணனுக்காவது மெடல் இருக்கு. அண்ணிக்கு என்ன இருக்கு? பி.பி. இருக்கு.

சிப்பாயா சேர்றவங்க பெரும்பாலும் நாப்பது வயசு தாண்டறதுக்குள்ள வெளியே வந்துடறாங்க. நம்ம ஆபீஸ்ல அந்த வயசுலதான் ப்ரமோஷனே வரும். பொண்ணு காலேஜ் போற நேரத்துல இவங்க புதுசா வேலை தேடணும். ஏ.டி.எம். வாசல்லயும் அபார்ட்மெண்ட் கேட்டுலயும் சேர் போட்டு உக்காந்திருக்கற பெரியவர்ல எத்தனை பேர் பழைய பட்டாளத்துக்காரங்கன்னு ஒரு தடவை பேச்சுக் கொடுத்துப் பாருங்க. எல்லைச்சாமின்னு ஸ்டேட்டஸ் போடற அதே ஆள் கேட்டுல "யோவ் வாட்ச்மேன்"னு கத்தறதை நான் என் காதால கேட்டிருக்கேன்.

2022-ல வந்த அக்னிபத் திட்டத்துல சேர்ற பசங்களுக்கு 4 வருஷம்தான். அதுல 25 சதவீதம் பேரைத்தான் தொடர்ந்து வச்சுப்போம்னு சொன்னாங்க. மத்தவங்களுக்கு ஒரு தொகை உண்டு, பென்ஷன் கிடையாது. இருபத்தஞ்சு வயசுகூட ஆகாம திரும்பி வரப்போற அந்தப் பசங்களுக்கு நம்ம ஊர் என்ன வச்சிருக்கு? இதைக் கேட்டா உடனே தேசத்துரோகிம்பாங்க. நன்றிங்கறது கேள்வி கேக்கறவன் வாயை அடைக்கற துணி இல்லீங்க. அவங்க மேல அக்கறை இருக்கறவன்தான் கேப்பான்.

"சம்பளம் வாங்கிட்டுத்தானே போறான்"னு ஒரு கோஷ்டி எப்பவும் உண்டு. வாங்கறாங்க, யார் இல்லேன்னா? சம்பளம் வேலைக்கு. பொங்கலுக்கு வராம போனதுக்கும், குழந்தை முதல்ல நடந்ததைப் பாக்காம போனதுக்கும் எந்த சம்பளக் கமிஷன்ல பதில் இருக்கு?

இன்னொரு எதிர்வாதம் கொஞ்சம் கனமானது. ஈழத்து நண்பர்கள் பலருக்கு சீருடைன்னாலே நெஞ்சு படபடக்கும். இந்தியப் படை அங்க இருந்த 1987-லேர்ந்து 1990 வரைக்குமான நாட்களை அவங்க மறந்துட்டு இதைப் படிக்கணும்னு நான் கேக்க மாட்டேன். அந்த வலிக்கு முன்னாடி என் பக்கத்து நியாயம் எதையும் வைக்கப் போறதில்ல. அனுப்பற முடிவு டெல்லியில எடுத்தது, பெட்டி வந்தது ஏதோ ஒரு கிராமத்துக்கு. அந்தக் கிராமத்து அம்மாவைப் பத்தித்தான் நான் பேசறேன்.

சரி, பெருசா என்ன பண்ணலாம்? பெருசா ஒண்ணும் வேணாம். ஒவ்வொரு மாவட்டத்துலயும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கு, கொடி நாள் நிதியை அங்கயே கொடுக்கலாம். உங்க தெருவுல அப்படி ஒரு குடும்பம் இருந்தா, நவம்பர் மாசம் ஆயுள் சான்றிதழ் கொடுக்க அந்தம்மாவுக்குத் துணைக்குப் போங்க. வீடு வாடகைக்குக் கேட்டு வந்தா, "புருஷன் ஊர்ல இல்லையா"ன்னு இழுக்காம சாவியைக் கொடுங்க. கடையில ஆள் வேணும்னா, ரிட்டயர் ஆன அண்ணன்கிட்ட முதல்ல கேளுங்க.

மாலை எப்ப வேணா போடலாம். அந்த மனுஷன் மூச்சோட இருக்கும்போது "எப்படி இருக்கீங்கண்ணே"ன்னு ஒரு வார்த்தை கேக்கறதுக்குத்தான் நேரம் குறைச்சலா இருக்கு.