பேஸ் கிட்டாருக்கு எண்ணெய் தேய்க்கும் முன் இதைப் படிச்சிடுங்க

1/ வீட்டில் பேஸ் கிட்டார் இருக்கா? இல்லை, வாசிக்கிற பிள்ளை இருக்கா? அப்போ இது உங்களுக்குத்தான். பெயின்ட் அடிக்காம, மரத்தோட ரேகை அப்படியே தெரியற கிட்டாரைப் பராமரிப்பது பற்றிய இழை இது. "இதில் டாக்டருக்கு என்ன வேலை?" என்று கேட்கலாம். நுரையீரல், தீக்காயம், குழந்தைகள் விஷம் குடிப்பது என மூன்றுமே இதில் இருக்கு.

2/ என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். இந்த மாதிரி கிட்டாருக்குத் தேவையான பராமரிப்பு ரொம்பக் கம்மி. பளபளப்பு வேணும்னு நாம வாங்கிக் குவிக்கிற பாட்டில்களில் பாதி தேவையில்லை. சிலது கிட்டாருக்குக் கெடுதல். சிலது வீட்டில் இருக்கிறவங்களுக்கே ஆபத்து.

3/ மரம் கண்ணுக்குத் தெரியுதுன்னா அது வெறும் மரம்னு அர்த்தம் இல்லை. பெரும்பாலான கிட்டார்களில் மரத்துக்கு மேல் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர் படலம் ஒன்று கண்ணாடி மாதிரி மூடியிருக்கும். அதன் மேல் எண்ணெய் தடவுவது, மாத்திரையை அட்டையோடு விழுங்கற மாதிரி. உள்ளே போகவே போகாது. "மரத்துக்குத் தாகம் எடுக்குது" என்பதெல்லாம் விளம்பரப் பேச்சு. வெட்டி எடுத்த மரத்துக்குத் தாகம் ஏதுங்க?

4/ விதிவிலக்கு உண்டு. ஜெர்மனியின் வார்விக் மாதிரியான நிறுவனங்களின் பல பேஸ் கிட்டார்களில் படலம் கிடையாது, எண்ணெயும் மெழுகும்தான். தொட்டால் மரத்தின் நுண்துளைகள் விரலுக்குத் தட்டுப்படும். இதற்கு அவ்வப்போது கொஞ்சம் தேன்மெழுகு தடவித் துடைக்கணும். உங்களுடையது எந்த வகைன்னு தயாரித்த நிறுவனத்தின் கையேட்டில் பாருங்க. நோய் என்னன்னு தெரியாம மருந்து கொடுக்கக் கூடாது இல்லையா?

5/ தினசரிப் பராமரிப்பு என்பது இவ்வளவுதான்: வாசித்து முடிச்சதும் உலர்ந்த பருத்தித் துணியால் கை வியர்வையைத் துடைக்கணும். அழுக்கு ஒட்டியிருந்தால், படலம் உள்ள கிட்டாரை லேசா ஈரமான துணியால் துடைச்சு, உடனே உலர்ந்த துணியால் ஒத்தி எடுக்கணும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுட்டுப் போகக் கூடாது.

6/ பக்கத்திலேயே வரக்கூடாதவை: தேங்காய் எண்ணெய். அது உலராது. பிசுபிசுன்னு நின்னு தூசியைப் பிடிச்சு, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். சானிடைசர், ஸ்பிரிட்: பழைய கிட்டார்களில் உள்ள நைட்ரோ செல்லுலோஸ் லாக்கரை இளக்கிடும். அப்புறம் யாரும் யோசிக்காத ஒண்ணு, கொசு விரட்டி கிரீம். அதில் 'டீட்' என்ற ரசாயனம் இருந்தால், பிளாஸ்டிக்கையும் வார்னிஷையும் கரைக்கும். தடவின கையோட கிட்டாரை மடியில் வைக்காதீங்க.

7/ "பெரிய கலைஞர்களே கிட்டாரில் ஏதேதோ பூசியிருக்காங்களே?" உண்மைதான். ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸில், விரல் பலகை மேல் படகுக்குப் பூசற எபாக்ஸியைப் பூசினார். காரணம், ஃபிரெட் இல்லாத அந்தப் பலகையை முரட்டுக் கம்பிகள் அறுத்துத் தின்னும். அவருக்கு ஒரு பிரச்சினை இருந்தது, அதற்கு ஒரு தீர்வு தேடினார். நமக்குப் பிரச்சினையே இல்லாதப்போ எதுக்குத் தீர்வு?

8/ அடுத்து, யூடியூப் பார்த்துட்டுப் படலத்தைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் ஃபினிஷுக்கு மாத்தறது. மரத்தூள், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதி செய்யப்பட்ட முதல் பிரிவில் இருக்கு. வருடக்கணக்கில் அதிலேயே வேலை செய்யும் தச்சர்களுக்குத்தான் மூக்குப் புற்றுநோய் ஆபத்து. ஒருநாள் தேய்த்தால் வந்துடாது. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு அந்த ஒருநாளே போதும் மூச்சு இழுக்க. படுக்கையறையில் செய்யாதீங்க. என்95 மாஸ்க் இல்லாம செய்யாதீங்க.

9/ இப்போ முக்கியமான விஷயம். ஃபினிஷுக்குப் பயன்படும் ஆளிவிதை எண்ணெய் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உலரும்போது வெப்பத்தை வெளிவிடும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், அந்த வெப்பம் வெளியேற வழியில்லாம ஏறிக்கிட்டே போய், நெருப்பு வைக்காமலே துணி தானாகத் தீப்பிடிக்கும்.

10/ கதை விடறேன்னு நினைக்காதீங்க. 1991 பிப்ரவரி 23, அமெரிக்காவின் பிலடெல்பியா. ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டிடத்தில், மரவேலைக்குப் பயன்படுத்திய ஆளிவிதை எண்ணெய்த் துணிகளை 22வது மாடியில் அப்படியே விட்டுட்டுப் போனாங்க. அதில் பிடிச்ச தீயில் 3 தீயணைப்பு வீரர்கள் இறந்தாங்க. வெறும் துணி!

11/ எண்ணெய் தடவியே ஆகணும் என்றால், வேலை முடிஞ்சதும் துணியை வீட்டுக்கு வெளியே, வெறும் சிமென்ட் தரையில் விரிச்சுப் போட்டு முழுசா காய விடுங்க. அல்லது தண்ணீரில் முக்கி, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்க. வீட்டுக் குப்பைக் கூடையில் போடவே கூடாது.

12/ கடைசியா, சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு. 'லெமன் ஆயில்' என்று விற்கும் பாலிஷ்களில் பலவற்றில் இருப்பது பெட்ரோலிய எண்ணெய். தின்னரும் அப்படித்தான். குழந்தை ஒரு வாய் குடிச்சால், வயிற்றை விட நுரையீரலுக்குத்தான் ஆபத்து. மண்ணெண்ணெய் குடிச்ச மாதிரியே. வாந்தி எடுக்க வைக்காதீங்க! எடுக்கும்போதுதான் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். உப்புத் தண்ணீர், பால் எதுவும் கொடுக்காம, பாட்டிலையும் கையில் எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. இதையெல்லாம் பழைய குடிதண்ணீர் பாட்டிலில் ஊத்தி வைக்கும் பழக்கத்தை இன்னிக்கே நிறுத்துங்க.

13/ சுருக்கமா: எந்த ஃபினிஷ்னு தெரிஞ்சுக்கோங்க. உலர்ந்த துணியால் துடைங்க. மெழுகு, அது கேட்கிற கிட்டாருக்கு மட்டும். கீறல் விழுந்தா விழட்டும், வாசிக்கிற கிட்டாரில் கீறல் இருக்கத்தான் செய்யும். பளபளப்புக்காக வாங்கற பாட்டிலை மட்டும் பூட்டி வைங்க. வாசிக்கிற நண்பர்களுக்கு இதைப் பகிருங்க.