கழிவுநீர் சொல்லும் தொற்றுக் கணக்கு: அதில் இடம்பெறாதவர்கள் யார்?

கொரோனா என்றதும் இருமலும் மூச்சுத்திணறலுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்த வைரஸ் குடலையும் தாக்குகிறது. கலங்களுக்குள் நுழைய அது பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 என்ற புரதம் சிறுகுடலின் உட்சுவரில் ஏராளமாக உண்டு. ஆய்வுகூடத்தில் வளர்த்த மனிதக் குடற் கலங்களுக்குள் வைரஸ் பெருகுவதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2020 இல் காட்டினர். தொண்டைப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று முடிவு வந்த பின்னரும், பலரது மலத்தில் வைரஸின் மரபணுக்கூறுகள் நாட்கணக்கில் வெளியேறின.

மலத்தோடு வெளியேறுவது கழிவுநீரில் சேர்கிறது. நெதர்லாந்தின் அமெர்ஸ்ஃபோர்ட் நகரில் முதல் தொற்றாளர் அறிவிக்கப்படுவதற்குச் சில நாட்கள் முன்னரே, 2020 மார்ச் தொடக்கத்தில், அந்நகரின் கழிவுநீரில் வைரஸின் தடயம் கிடைத்தது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில், அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழக விடுதியொன்றின் கழிவுநீர் எச்சரித்தது. உடனே 311 பேரைப் பரிசோதித்தபோது, அறிகுறிகளே இல்லாத இரண்டு மாணவர்களுக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது.

இந்த முறையால் தொற்றாளர்களைத் துல்லியமாக எண்ண முடியாது. மழைநீர் கலந்தாலே அளவு மாறிவிடும். ஆனால் தொற்று ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை அது காட்டும். பரிசோதனைக்குப் போக வசதியற்றவரும், போக அஞ்சுபவரும் அதில் அடங்குவர். நகரம் முழுவதற்குமான மாதிரியில் எவரது பெயரும் இல்லை.

எமக்கு இது சிறிய விடயமல்ல. இலங்கையில் கொவிட் தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு மையத்துக்கு இராணுவத் தளபதியே தலைமை தாங்கினார். தனிமைப்படுத்தல் நிலையங்கள் பலவற்றையும் இராணுவமே நடத்தியது. போரில் உறவுகளைப் பறிகொடுத்த ஒருவர், காய்ச்சல் வந்தாலும் சீருடை வாசலுக்கு வந்துவிடுமோ என்று தயங்கினால் அதில் வியப்பில்லை.

ஆனால் இந்தக் கணக்கில் சேர்வதற்கு, கழிவுநீர் ஓரிடத்தில் சேர வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடுகளின் கழிவு பெரும்பாலும் வளவிலுள்ள மலக்குழிக்கே போகிறது. குழாய் வலையமைப்பு இல்லாத இடத்தில் மக்கள் மீண்டும் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். வைத்தியசாலைகளின் கழிவுநீரிலும், மலக்குழிகளை வெறுமையாக்கும் பவுசர்களிலும் மாதிரி எடுப்பதே இங்கு நடைமுறைக்கு ஏற்ற வழி.

இடிபாடுகளுக்கு நடுவிலும் இது முடியும். 2024 ஜூனில் காஸாவின் கான் யூனிஸ், டெய்ர் அல்-பலா பகுதிகளில் எடுக்கப்பட்ட கழிவுநீர் மாதிரிகளில் போலியோ வைரஸ் கண்டறியப்பட்டது. ஓகஸ்ட்டில் ஒரு குழந்தை போலியோவால் முடங்கியது உறுதியானது. செப்டெம்பரில் தடுப்பு மருந்து வழங்கல் தொடங்கியது.

எனினும் மாதிரி எடுக்கும் இடம் சிறுக்கச் சிறுக்க, அது எவருடையது என்பதும் வெளிச்சமாகும். அரிசோனா விடுதியில் நடந்தது அதுதான். ஆகவே முடிவுகள் சுகாதார வைத்திய அதிகாரியின் கையில் இருக்க வேண்டும், படைமுகாமில் அல்ல. மக்கள் நம்பாத கண்காணிப்பு, எவ்வளவு நுட்பமானதாயினும், நோயைத் தடுக்க உதவாது.