அதே அஞ்சு எம்.எல்.

மழைக்காலக் காய்ச்சல் பரவுகிறது, மருத்துவ முகாம்கள் நடக்கின்றன என்று இந்த வாரம் பேப்பரைத் திறந்தாலே செய்தி. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மருந்துக் கடையில் காதில் விழுந்த பேச்சு எழுத விடவில்லை.

“பாப்பாவுக்குக் காய்ச்சல் மருந்து தீந்துபோச்சுண்ணே.”

“125 இல்ல தம்பி, 250 தர்றேன்.”

“எவ்ளோ குடுக்கணும்?”

“அதே அஞ்சு எம்.எல்.தான்.”

குறுக்கே புகுந்து தடுத்தேன். லேபிள்கள் மீது எனக்குள்ள கோபம் இந்தப் பத்தியின் வாசகர்களுக்குப் பழகியதுதான். இந்த வாரம் அது இன்னும் ஏறியிருக்கிறது.

பாராசிட்டமால் என்ற ஒரே பெயர். ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், இன்னொன்றில் 250. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100. ஒரு வேளைக்கு, எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 10 கிலோ குழந்தைக்கு 150 என்று வைத்தால் 125 சிரப்பில் 6 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. சொட்டு மருந்தைச் சிரப் என்று நினைத்து 6 மில்லி ஊற்றினால் நாலு மடங்கு உள்ளே போகும். இவ்வளவையும் தீர்மானிக்கிற எண்ணைப் பெட்டியின் மூலையில் பொடி எழுத்தில் அச்சடிக்கிறார்கள்!

வலிப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றுகிற வீடுகளும் உண்டு. அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்குக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. கண் செருகி, கைகால் வெட்டி இழுப்பதைப் பார்க்கும் தாய்க்கு உயிரே போய்விடும். ஆனால் பாராசிட்டமால் காய்ச்சலையும் உடம்புவலியையும் தணித்துப் பிள்ளையைப் பால் குடிக்கவைக்கும், அவ்வளவுதான். வலிப்பைத் தடுக்க அதை நம்ப முடியாது. அளவு மீறினால் ஈரல் கெடும்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், பல்லிடுக்கில் கரண்டி வைக்காதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானே நின்றுவிடும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. முதல் தடவை என்றால், நின்ற பிறகும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். மூன்றில் ஒரு குழந்தைக்கு மறுபடி வரலாம். சாதாரணக் காய்ச்சல் வலிப்பால் பிள்ளையின் அறிவு மங்காது.

சீட்டில் மில்லியை மட்டும் எழுதுகிற டாக்டர்கள் எந்தச் சிரப், பிள்ளையின் எடை என்ன என்பதையும் எழுதட்டும். பாட்டிலை மாற்றிக் கொடுக்கும் கடைக்காரர் அளவையும் மாற்றிச் சொல்லட்டும். கம்பெனிகள் மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்ற அந்த எண்ணைப் பெட்டியின் முகப்பில், மருந்தின் பெயர் அளவுக்குப் பெரிதாக, தமிழிலும் அச்சடிக்கட்டும்.