சிறுவர் முழங்கை முறிவும் பெற்றோர் கடமையும்

பெரியாற்று நீரால் செழித்தோங்கும் கம்பம் பள்ளத்தாக்கிலே தோப்புக்களுக்குக் குறைவில்லை. சிறுவர் மரமேறுவதும், ஏறினோருட் சிலர் வீழ்வதும் ஆங்கே புதுமையல்ல. வீழும் பிள்ளை கையை நீட்டி நிலத்தில் ஊன்றுதல் இயல்பு. ஊன்றவே, உடலின் பாரம் முழங்கையைத் தாக்குகின்றது. புயத்தெலும்பு முழங்கைக்குச் சற்று மேலே தகடுபோல் மெலிந்திருத்தலால், அவ்விடத்திலேயே முறிகின்றது. ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளிடத்து இது மிகுதி.

எலும்பு முறிந்ததே என்று பெற்றோர் கலங்குகின்றனர். பிள்ளைகளின் எலும்பு விரைவில் கூடும் தன்மையது. அஞ்சத்தக்கது வேறொன்று. அவ்வெலும்பின் முன்புறமாகவே கைக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெருங்குழாய் செல்கின்றது. முறிந்த முனை அதனை நெருக்கலாம். வீக்கம் ஏறிவரும் வேளையில் மூங்கிற் சிம்பு வைத்து இறுகக் கட்டினாலோ, உள்ளிருக்கும் தசை இரத்தமின்றிச் சில மணி நேரத்தில் மடியத் தொடங்கும். பின்னர் விரல்கள் சுருங்கி மடங்கிக் கை பயனற்றுப்போம். இதனை ஜெர்மானிய ரண வைத்தியராகிய வோல்க்மன் 1881-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்து, இறுக்கமான கட்டினால் இரத்தவோட்டம் தடைப்படுதலே காரணமென்று காட்டினார்.

நம் நாட்டினர் எலும்பு முறிந்தவுடன் கட்டு வைத்தியரை நாடுவது நெடுநாளைய வழக்கம். புத்தூர்க் கட்டின் பெயரைக் கேளாதார் தமிழ்நாட்டில் அரியர். செலவு குறைவு, கத்திக்கு அச்சம் என்னும் காரணங்கள் பொருளற்றவை அல்ல. அவ்வைத்தியரை இகழ்வதும் நம் கருத்தன்று. ஆயினும் பிள்ளைகளின் முழங்கை கைத்தடவலால் மட்டும் அறியப்படுவதன்று. அதிலே ஆறு இடங்களிலுள்ள குருத்து, ஏறக்குறைய ஒரு வயது முதல் பன்னிரண்டு வயதுக்குள் ஒவ்வொன்றாக எலும்பாகின்றது. எனவே எக்ஸ்-ரே படத்திலும் முறிவு எது, இயற்கை எது என்பது பயின்ற கண்ணுக்கே புலனாம். ஐயமுறின் மருத்துவர் மற்றைக் கையையும் படமெடுத்து ஒப்பு நோக்குவர். பெரியாற்று அணை திறக்கப்பட்ட 1895-ஆம் ஆண்டிலேதான் ராண்ட்ஜன் அக்கதிரைக் கண்டறிந்தார். அணையின் நீரை ஏற்ற நாம் கதிரின் உதவியை ஏன் மறுத்தல் வேண்டும்?

மருத்துவமனை சென்றால் கையைக் கிழித்துவிடுவர் என்பதும் பெரும்பாலும் வீண் அச்சமே. எலும்பு விலகாதிருப்பின் ஏறக்குறைய மூன்று வாரம் மாக்கட்டே போதும். விலகியிருப்பின், மயக்கமருந்து கொடுத்து, பெரும்பாலும் கிழிக்காமலே நேர்செய்து, மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, மூன்று நான்கு வாரங்களில் எடுத்துவிடுவர். பின்பு எண்ணெயிட்டு உருவுதல் ஆகாது. அதனால் தசையினுள் எலும்பு வளர்ந்து முழங்கை விறைத்துப்போதலுமுண்டு. பிள்ளையின் விளையாட்டே கைக்கு நல்ல பயிற்சி.

ஆதலின் பெற்றோர் செய்யத்தக்கன சிலவே. கையை நீட்டவும் மடக்கவும் முயலாது, கண்ட நிலையிலேயே தளர்வாகத் தாங்குக. விரல்கள் வெளுத்தல், குளிர்தல், மரத்தல், அவற்றை நீட்டுங்கால் பொறுக்கவொண்ணா நோவு ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதியாதீர். நாட்டுக்கட்டாயின் உடனே அவிழ்த்து மருத்துவமனைக்கு விரைக. மாக்கட்டாயின் கட்டியவரிடமே அக்கணமே மீள்க. கம்பத்தில் அரசு மருத்துவமனை உண்டு, க. விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. 108 என்னும் எண்ணை அழைத்தால் ஊர்தி வரும்.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் ஊர் திரும்புவோர் நீவிர். நாளை பள்ளியாசிரியராகச் செல்வோரும் உம்முட் பலர். கட்டு வைத்தியரோடு வழக்காடவேண்டா. கட்டின் புறத்தே தோன்றும் ஐந்து விரல்களையும் நோக்கும்படி தாய்மார்க்கும் அவ்வைத்தியர்க்கும் ஒருங்கே கற்பித்தீராயின், எழுதுகோல் பிடிக்கவேண்டிய ஒரு கையையேனும் காத்தவராவீர். கற்ற கல்விக்கு அதனினும் பெரிய பயன் வேண்டுமோ?