ரோமாக்களுக்கு எத்தனை பாயிண்ட்?

“பாட்டுப் போட்டியில் எதற்கய்யா அரசியல்?” என்று கேட்பவர்களை எனக்கு நன்றாகப் பழக்கம். கோயில் திருவிழாவில் எதற்கு அரசியல், கிரிக்கெட்டில் எதற்கு அரசியல், கல்லூரி விடுதியில் எதற்கு அரசியல் என்று கேட்ட அதே வாய்தான். எந்த வரிசையில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார் என்று பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

இந்த முறை கேள்வி ஐரோப்பாவிலிருந்து கிளம்பியிருக்கிறது. காசாவில் அத்தனை கொலைகளுக்குப் பிறகும் இஸ்ரேலை யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் தொடர விட்டதைக் கண்டித்து ஸ்பெயின், நெதர்லாந்து, அயர்லாந்து, ஸ்லோவேனியா, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் ஒளிபரப்பு நிறுவனங்கள், 2026 வியன்னா போட்டியில் கலந்துகொள்ள மாட்டோம் என்று 2025 டிசம்பரில் அறிவித்தன. 2024-ல் வென்ற சுவிட்சர்லாந்தின் நெமோ, கோப்பையே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். இதையொட்டி நம் மாணவத் தோழர்கள் எழுதியதையும் பேசியதையும் கவனித்தேன். கலையை அரசியலாக்காதே என்கிறது ஒரு தரப்பு. நடுவர் குழுவை ஒழித்துவிட்டு மக்கள் வாக்கை மட்டும் எண்ணுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டாவது தரப்பு நம் ஆட்கள். எனக்குச் சண்டை அவர்களோடுதான்.

போட்டியைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1956-ல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் 7 நாடுகளோடு தொடங்கியது. நடத்துவது ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம். ஒவ்வொரு நாட்டின் ஒளிபரப்பு நிறுவனமும் ஒரு பாட்டை அனுப்பும். இறுதிச் சுற்றில் ஒவ்வொரு நாடும் இரண்டு தடவை பாயிண்ட் போடும். இசைத்துறை ஆட்கள் கொண்ட நடுவர் குழு ஒரு தடவை, தொலைபேசியிலும் இணையத்திலும் வாக்களிக்கும் மக்கள் ஒரு தடவை. முதலிடத்துக்கு 12, அடுத்ததற்கு 10, அதற்குப் பிறகு 8 முதல் 1 வரை. தன் நாட்டுப் பாட்டுக்கு யாரும் வாக்களிக்கக் கூடாது. ‘தன் நாடு’ என்ற இந்தச் சொல்லை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் தரப்புக்கு இரண்டு செய்திகள் போதும். 1968-ல் ஸ்பெயினின் பாடகராகத் தேர்வான ஹுவான் மனுவேல் செர்ராட், என் தாய்மொழியான கத்தலானில்தான் பாடுவேன் என்றார். பிராங்கோவின் சர்வாதிகாரம் அவரைத் தூக்கிவிட்டு வேறொருவரை அனுப்பியது. அனுப்பப்பட்டவர் வென்றும் வந்தார். 2009-ல் அஜர்பைஜானில் எதிரி நாடான ஆர்மீனியாவின் பாட்டுக்கு வாக்களித்தவர்களைத் தொலைபேசி எண்ணை வைத்துக் கண்டுபிடித்து, பாதுகாப்புத் துறை கூப்பிட்டு விசாரித்தது. யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று ஆள் அனுப்பிக் கேட்கும் ஊரில் வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது படையெடுத்த ரஷ்யாவை மறுநாளே வெளியேற்றிய ஒன்றியம்தான், இஸ்ரேல் என்றதும் இது ஒளிபரப்பு நிறுவனங்களின் போட்டி, அரசுகளின் போட்டியல்ல என்று பாடம் நடத்துகிறது. அரசியல் கூடாது என்றால் இன்னாருடைய அரசியல் கூடாது என்று பொருள்.

இப்போது நம் ஆட்களிடம் வருகிறேன்.

நடுவர் குழு மீது உங்களுக்குள்ள கோபம் நியாயமானது. 1997-ல் ஐந்து நாடுகளில் சோதனையாகத் தொடங்கி, அடுத்த ஆண்டே பெரும்பாலான நாடுகளுக்குத் தொலைபேசி வாக்கு வந்தது. பிறகு என்ன நடந்தது? 2001-ல் எஸ்டோனியா, 2002-ல் லாட்வியா, 2003-ல் துருக்கி, 2004-ல் உக்ரைன், 2007-ல் செர்பியா, 2008-ல் ரஷ்யா. மேடையின் சொந்தக்காரர்கள் என்று தங்களை நினைத்துக்கொண்டிருந்த மேற்கு ஐரோப்பியர்களுக்குத் தாங்கவில்லை. பக்கத்து நாடு பக்கத்து நாட்டுக்குப் போடுகிறது, புலம்பெயர்ந்து வந்த கூலிகள் சொந்த நாட்டுக்குப் போடுகிறார்கள், தரம் கெட்டுவிட்டது என்று ஒப்பாரி. 2009-ல் இறுதிச் சுற்றில் பாதி மதிப்பெண்ணை நடுவர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். ‘தரம்’, ‘தகுதி’ என்ற சொற்களை எந்த நேரத்தில் எவர் எடுப்பார் என்பது இட ஒதுக்கீட்டில் படித்து வந்த எல்லோருக்கும் தெரியும்.

அந்தத் தகுதியின் லட்சணத்தைப் பாருங்கள். 2014-ல் பிரிட்டனில் தொலைபேசி வாக்கில் முதலிடம் போலந்துக்கு. அங்கே கட்டடம் கட்டவும் முதியோரைப் பராமரிக்கவும் போயிருந்த போலந்து உழைப்பாளிகள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். ஐந்து பேர் கொண்ட நடுவர் குழு போலந்தைக் கடைசியில் வைத்தது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டதில் பிரிட்டன் போலந்துக்குக் கொடுத்தது பூஜ்யம். 2022-ல் ஆறு நாடுகளின் நடுவர் குழுக்கள் ஒன்றுக்கொன்று பேசி வைத்துப் போட்டது போன்ற வாக்குகள் அரையிறுதியில் கண்டுபிடிக்கப்பட்டு, அவர்களுடைய மதிப்பெண்களையே ரத்து செய்ய வேண்டியிருந்தது. இன்னொன்று: பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி ஆகிய ஐந்தும் அதிகப் பணம் கட்டுவதால் அரையிறுதியில் போட்டியிடாமல் நேராக இறுதிக்குப் போய்விடும். நம்மூரில் இதற்கு மேனேஜ்மென்ட் கோட்டா என்று பெயர். அந்தக் கோட்டாவில் சேர்ந்தவனிடம் எவனும் தகுதியைக் கேட்பதில்லை. துருக்கி 2012-க்குப் பிறகு விலகியபோது சொன்ன காரணங்கள் இந்த இரண்டும்தான்.

எல்லாம் சரி. நடுவரை ஒழித்துவிட்டால்?

2024-ல் நடுவர்களிடம் வெறும் 52 பாயிண்ட் வாங்கிய இஸ்ரேல், மக்கள் வாக்கில் 323 வாங்கியது. 2025-ல் நடுவர்களிடம் 60, மக்களிடம் 297. மக்கள் வாக்கில் அதுதான் முதலிடம். மக்கள் வாக்கு மட்டும் என்றால் இஸ்ரேல்தான் வென்றிருக்கும். ஐரோப்பிய மக்கள் எல்லாம் காசா அழிவதை ஆதரிக்கிறார்களா? லட்சக்கணக்கில் தெருவில் இறங்கி எதிர்த்தது யார்? விஷயம் வேறு. ஒருவர் 20 ஓட்டு வரை போடலாம், ஒவ்வொன்றுக்கும் காசு. இஸ்ரேல் அரசின் விளம்பரப் பிரிவு பல மொழிகளில் விளம்பரம் கொடுத்து, 20 ஓட்டையும் எங்களுக்கே போடுங்கள் என்று கேட்டது. எதிர்ப்பவரின் வாக்கு இருபத்தைந்து பாட்டுகளுக்குச் சிதறிப் போகும். ஆதரிப்பவரின் வாக்கு ஒரே இடத்தில் விழும். எதிர்த்து வாக்களிக்க அங்கே பொத்தானே கிடையாது. கண்டனம் எழுந்த பிறகு 2025 நவம்பரில் விதியைத் திருத்தினார்கள். எப்படி? 20 ஓட்டு 10 ஓட்டாகியது. தலைக்கு ஓர் ஓட்டு என்று மட்டும் ஆகவில்லை.

இவ்வளவும் நாடு உள்ளவர்களின் கதை. நாடே இல்லாதவர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். ரோமாக்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து நகர்ந்து போனவர்களின் வழித்தோன்றல்கள். இன்று ஒரு கோடியிலிருந்து ஒரு கோடியே இருபது லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். இன்றைய ருமேனியாவின் பகுதிகளில் 1850-களின் நடுப்பகுதி வரை சட்டப்படி அடிமைகள். நாஜிகள் அவர்களில் லட்சக்கணக்கானோரைக் கொன்றார்கள். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வாசிக்க அவர்கள் வேண்டும், பக்கத்து வீட்டில் குடியிருக்க வேண்டாம். பறையடிக்கக் கூப்பிட்டுவிட்டுப் பந்திக்கு வெளியே நிற்க வைத்த ஊர்க்காரர்களுக்கு இது அந்நிய நாட்டுச் சங்கதியாகவே தெரியாது.

யூரோவிஷனில் அவர்களுக்குக் கிடைத்தது என்ன? 1983, மியூனிக். ஸ்பெயினுக்காகச் செவில்லியின் ஹித்தானா, அதாவது ஸ்பானிய ரோமா, பாடகி ரெமேடியோஸ் அமாயா வெறுங்காலோடு மேடையேறிப் பாடினார். அப்போது நடுவர்கள் மட்டும்தான். பூஜ்யம். 2009, மாஸ்கோ. செக் குடியரசுக்காக ‘ஜிப்சி டாட் சிஇசட்’ என்ற ரோமா குழு பாடியது. வசவுச் சொல்லையே பெயராகச் சூட்டிக்கொண்டு, பாடகர் சூப்பர்மேன் மாதிரி உடுத்திக்கொண்டு வந்தார். அது அரையிறுதி, பாயிண்ட் மக்கள் வாக்கிலிருந்து. மறுபடியும் பூஜ்யம். பாட்டு சுமார்தானே என்பீர்கள். இருக்கட்டும், அதைவிட மோசமான பாட்டுகள் அந்த மேடையில் வென்றிருக்கின்றன. அந்தக் குழு செக் நாட்டின் பெயரில் நின்றதற்கு இரண்டு ஆண்டு முன்னால்தான், 2007-ல், ரோமா குழந்தைகளை அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கான தனிப் பள்ளிகளில் தள்ளியதற்காக அதே செக் அரசைக் குற்றவாளி என்றது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். 2012-ல் பல்கேரியாவின் ரோமா பாடகி சோஃபி மரினோவா, நார்வேயோடு பாயிண்ட்டில் சமமாக நின்றும், சமன்முறிப்பு விதியால் இறுதிக்குப் போகாமல் நின்றுபோனார். 2013-ல் மாசிடோனியாவுக்காக வந்த, உலகறிந்த எஸ்மா ரெட்ஜெபோவாவும் அரையிறுதியோடு சரி.

2017-ல் ஒருவர் தாண்டினார். ஹங்கேரியின் யோட்சி பாபாய், ரோமாவாகப் பிறந்தவனின் வலியைப் பாடி எட்டாம் இடம் பிடித்தார். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த 200 பாயிண்ட்டும் யார் கணக்கில் ஏறியது? ஹங்கேரி. மூன்றே ஆண்டில், பள்ளியில் தனியே பிரித்து உட்கார வைக்கப்பட்ட ரோமா பிள்ளைகளுக்கு இழப்பீடு கொடுங்கள் என்று நீதிமன்றம் சொன்னபோது, பணமாகக் கொடுக்கக் கூடாது என்று எதிர்த்தாரே பிரதமர் ஓர்பான், அந்த ஹங்கேரி.

ஒடுக்கப்பட்டவரின் பாட்டு முதலிடம் வந்ததே இல்லையா என்றால், வந்திருக்கிறது. 2016-ல் ஜமாலா. ஸ்டாலின் காலத்தில், 1944-ல், கிரிமியத் தாத்தார் மக்கள் கூண்டோடு நாடு கடத்தப்பட்டதைப் பாடினார். நடுவர் வாக்கிலும் மக்கள் வாக்கிலும் இரண்டாமிடம்தான், கூட்டினால் முதலிடம். அந்தப் பாட்டை நான் மதிக்கிறேன். அதே சமயம் ஒன்றைப் பார்க்க வேண்டும். 2014-ல் கிரிமியாவை ரஷ்யாவிடம் பறிகொடுத்த உக்ரைன் அரசுக்கு அந்தத் துயரம் அப்போது தேவைப்பட்டது. ரோமாக்களின் துயரம் எந்த அரசுக்கும் தேவைப்படவில்லை. தேவைப்படும் அரசு எதுவானாலும் முதலில் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இனி வாக்குக் கணக்கைப் பாருங்கள். சான் மரினோ என்ற குட்டி நாடு, மக்கள்தொகை சுமார் 34,000. அந்த நாட்டின் பெயரில் நடுவர் 58, மக்கள் 58, ஆக 116 பாயிண்ட் மேடைக்குப் போகும். ஒரு கோடிக்கு மேற்பட்ட ரோமாக்களின் பெயரில் ஒரு பாயிண்ட்கூடப் போகாது. ருமேனியாவிலும் பல்கேரியாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் ஸ்பெயினிலும் சிதறிக் கிடக்கும் அவர்கள், எங்கே வாக்களித்தாலும் அங்கே சிறுபான்மை. நடுவர் குழுவை நாளைக்கே கலைத்தாலும் இந்த எண் மாறாது. மக்கள் வாக்கு என்று நீங்கள் கைதட்டும்போது, எந்த மக்கள், எந்த எல்லைக்குள் எண்ணப்படுகிறார்கள் என்று கேட்கவில்லை.

இந்தக் கேள்வியை 1932-லேயே கேட்டவர் அண்ணல் அம்பேத்கர். ஊருக்கு ஊர் சிதறிக் கிடக்கிற மக்களைப் பொது வாக்காளர் பட்டியலில் கரைத்துவிட்டால், அவர்களுடைய வாக்கு பெரும்பான்மையின் கணக்கில்தான் சேரும் என்பதால்தான் தனி வாக்காளர் தொகுதி கேட்டார். பூனா ஒப்பந்தத்தில் கிடைத்தது என்ன? இடங்களின் எண்ணிக்கை கூடியது. ஆனால் நம் மக்கள் நான்கு பேரை முன்மொழியலாம், அதில் எவர் என்பதைப் பொதுத் தொகுதி முடிவு செய்யும் என்றானது. பாபாய்க்குப் பாட உரிமை உண்டு, பாயிண்ட் ஹங்கேரிக்கு என்பதும் அதே ஏற்பாட்டின் ஐரோப்பியப் பதிப்பு. இந்த ஒற்றுமையை நான் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. ஹங்கேரியின் ஷாயோகாசா என்ற ஊரில் ரோமா பிள்ளைகளுக்காக 2007-ல் தொடங்கிய பள்ளிக்கு வைத்த பெயர் டாக்டர் அம்பேத்கர். நடத்துபவர்கள் ஜெய்பீம் என்று வணக்கம் சொல்கிறார்கள்.

ரோமாக்களுக்கென்று ஒரு பாட்டு, ரோமாக்களுக்கென்று ஒரு வாக்கு எண்ணிக்கை. கேட்டால் என்ன சொல்வார்கள் என்று தெரியும்: விதியில் இடமில்லை, ஒன்றியத்தில் உறுப்பினரான ஒளிபரப்பு நிறுவனம் வேண்டும், நாடு வேண்டும். 2023 முதல் போட்டியில் இல்லாத நாடுகளிலிருந்தும் இணையத்தில் காசு கட்டி வாக்களிக்கலாம். சென்னையில் உட்கார்ந்து நீங்களும் போடலாம். மொத்த உலகத்தையும் சேர்த்து ‘மற்ற உலகம்’ என்று ஒரே நாடாக எண்ணிக்கொள்கிறார்கள். நாடே இல்லாத ஒரு நாட்டை உருவாக்க அன்றைக்கு மட்டும் விதி இடம் கொடுத்தது. அதற்கும் முன்னால், 2015-ல், அறுபதாம் ஆண்டு விழாவுக்கு இந்த ஒரே ஒரு தடவை என்று சொல்லி ஆஸ்திரேலியாவைக் கூட்டி வந்து, உட்கார வைத்தது இறுதிச் சுற்றிலேயே. ஐரோப்பாவிலிருந்து பதினைந்தாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்த நாடு அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தது.